நீங்கள் அனுப்பிய பெட்டி சத்தம் போடவில்லை

புதுச்சத்திரம்,
கார்த்திகை மாதம், 1982.

பெங்களூரில் உத்தியோகம் பார்க்கும் மாப்பிள்ளை சின்னுசாமி அவர்களுக்கு, உங்கள் அக்காள் புருஷன் சென்னிமலை எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் அக்காள் பாவாயியும் மகன் சண்முகவேலும் சௌக்கியம். எருமைக்குக் காம்பில் புண், அதுவும் ஆறிக்கொண்டு வருகிறது. அங்கே நீங்களும் தங்கச்சியும் குழந்தைகளும் சௌக்கியமாக இருக்க நாமக்கல் ஆஞ்சநேயரை வேண்டிக்கொள்கிறேன். நலம் விசாரிப்பது இத்தோடு முடிந்தது. இதற்கு மேல் எழுதப்போவதில் நலமாக எதுவும் இல்லை.

விஷயம் நீங்கள் அனுப்பிய பெட்டி. பெங்களூரில் ஏதோ ஒரு பெரிய ஹோட்டலில் இனிமேல் பாட்டுக் கச்சேரி வேண்டாம் என்று முடிவு செய்து சாமான்களைக் கழிக்கிறார்கள், அதில் பேஸ் கிதாருக்கென்றே செய்த சீமை ஆம்ப்ளிஃபயர் ஒன்று அகப்பட்டது, தாய்மாமன் சீராக சண்முகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதி, லாரியில் ஏற்றி அனுப்பினீர்கள். சீராக வந்ததைக் குறை சொல்வது மரியாதை இல்லை. ஆனாலும் அதை இறக்கிவைத்த ஆட்கள் அன்று முழுக்க இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். கூடவே, 'பின்பக்கப் பலகையை எக்காரணம் கொண்டும் கழற்ற வேண்டாம், கரெண்டை நிறுத்தினாலும் உள்ளே கொஞ்ச நேரம் தேங்கி நிற்கும், ஆளைத் தூக்கி அடிக்கும்' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தீர்கள். நாங்கள் சொன்ன சொல் கேட்பவர்கள். இன்று வரை அதில் ஒரு ஸ்குரூவைத் தொடவில்லை.

பெட்டி வந்து சேர்ந்தது ஆயுத பூஜைக்கு முந்தின நாள். கிணற்று மோட்டாருக்கும் மருந்தடிக்கிற மிஷினுக்கும் என் சைக்கிளுக்கும் என்ன மரியாதையோ அதே மரியாதையை உங்கள் அக்காள் அதற்கும் செய்தாள். தேங்காய் நாரில் புளி வைத்துத் தேய்த்ததில் குமிழ்களுக்கு மேலே இங்கிலீஷில் எழுதியிருந்ததெல்லாம் அழிந்து பெட்டி பளபளவென்று ஆகிவிட்டது. எந்தக் குமிழ் எதற்கு என்பது இப்போது ஆண்டவனுக்குத்தான் தெரியும். சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம், பொரிகடலை, நாட்டுச் சர்க்கரை என்று ஒன்றிலும் குறை வைக்கவில்லை. இவ்வளவும் செய்து, மறுநாள் நல்ல நேரம் பார்த்து சண்முகம் வயரைச் சொருகிக் கம்பியைத் தொட்டால் பெட்டி 'கொர்ர்' என்றது. உள்ளே என்னவோ துள்ளுகிற மாதிரி ஒரு சத்தம். பாட்டும் இல்லை, ராகமும் இல்லை. சளி பிடித்த எருமைகூட இதைவிடச் சுத்தமாகக் கத்தும்.

இதில் பையனுக்கு உள்ள சங்கடம் உங்களுக்குப் புரிய வேண்டும். ராசிபுரத்து மெல்லிசைக் குழுவில் அவன் வாசிக்கிற கிதாருக்கு நாலு கம்பிதான். பக்கத்தில் நிற்கிறவன் கிதாருக்கு ஆறு கம்பி. வழியில் பார்க்கிறவர்கள் எல்லாம் என்னிடம், "ஏனுங்க, உங்க பையனுக்கு மட்டும் ரண்டு கம்பி கொறையுதுங்களே, அந்துபோச்சுங்களா?" என்றுதான் கேட்கிறார்கள். நானும் எத்தனையோ கச்சேரிக்குப் போயிருக்கிறேன். குழுக்காரர்கள் மரியாதையாக முன்வரிசையில் நாற்காலி போட்டுக் கொடுப்பார்கள், நானும் வேட்டியும் செருப்புமாகக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து அவன் விரலையே பார்த்துக்கொண்டிருப்பேன். டோலக் கேட்கும், பாடுகிறவர் கேட்கும், ஆறு கம்பிக்காரன் கேட்பான். என் பையன் மட்டும் கேட்க மாட்டான். வீட்டுக்கு வந்து கேட்டால், "அது தனியாக் கேக்காதுங்கப்பா. அது இல்லாட்டித்தான் தெரியும்" என்பான். இருக்கும்போது தெரியாது, இல்லாவிட்டால்தான் தெரியும் என்பது வயலுக்குப் போடுகிற உரத்துக்குச் சரி. பிள்ளையின் தொழில் அப்படிப்பட்டது என்று சொல்லி ஒரு வீட்டில் பெண் கேட்க முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.

பெண் மோகனூர். கரும்புத் தோட்டக்காரர் வேலுசாமி அவர்களின் மகள் தெய்வநாயகி. நல்ல குடும்பம், உங்கள் அக்காளுக்கு மனசுக்குள் எப்போதோ முடிவாகிவிட்ட இடம். சண்முகம் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அந்தப் பேச்சு எடுத்த நாளிலிருந்து எருமைக்குத் தண்ணீர் காட்டக்கூடத் தலை வாரிக்கொண்டு போகிறான். இந்த நேரத்தில்தான் மோகனூர்க் கோயில் விசேஷத்துக்கு அவர்கள் குழுவையே கச்சேரிக்குக் கூப்பிட்டார்கள். பெட்டியை வேனில் கவிழ்த்துப் படுக்கப் போட்டு, மேலே கயிறு கட்டிக் கொண்டுபோனார்கள். போகும்போது துள்ளிக்கொண்டிருந்த பெட்டிக்கு அங்கே போனதும் தொண்டை கட்டிவிட்டது. வேலுசாமி முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து கச்சேரி முழுக்கக் கேட்டிருக்கிறார். மறுநாள் தரகரிடம் சொன்னாராம்: "பையன் நிக்கறாப்ல, கம்பியத் தொடறாப்ல, சத்தத்தத்தான் காணமுங்க. நெசமாலுமே வாசிக்கறாருங்களா, இல்ல எடம் காலியாத் தெரியக் கூடாதுன்னு நிறுத்தி வெச்சிருக்கறாங்களா? எங்க புள்ள தெய்வநாயகி மட்டும், 'வாசிக்கறாருங்கப்பா, காதுல கேக்கல, கால்ல கேட்டுச்சு'ங்குது. கால்ல கேக்கறது என்ன சத்தமுங்க, எனக்கு வெளங்கல. ஊடு பாக்க வாரேன். வாரப்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டுப்போட்டுத்தான் மத்த பேச்சு."

ஆகையால் அவர் வருவதற்குள் பெட்டியைச் சத்தம் போட வைக்க வேண்டியதாயிற்று. முதலில் வோல்டேஜ் மேல் சந்தேகப்பட்டோம். சுற்றுவட்டாரத்தில் எல்லாரும் மோட்டார் போட்டால் எங்கள் வீட்டு பல்பு பீடி நெருப்பு மாதிரி ஆகிவிடும், அதனால் இருக்கும் என்று, எல்லாரும் மோட்டாரை நிறுத்துகிற நேரம் பார்த்துப் போட்டுப் பார்த்தோம். பல்பு நன்றாக எரிந்தது, பெட்டி அப்படியே கொரகொரத்தது. அடுத்தது எர்த் சரியில்லை என்றார்கள். வீட்டுக்குப் பின்னால் குழி வெட்டி, உப்பும் கரியும் கொட்டி, கம்பி இறக்கினேன். தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று சொன்னதால் உங்கள் அக்காள் அரிசி கழுவின தண்ணீரை எல்லாம் அங்கே ஊற்றினாள். பக்கத்தில் இருந்த முருங்கை தழைத்துப் பூ விட்டுவிட்டது, பெட்டியில் ஒரு மாறுதலும் இல்லை. வயர் போயிருக்கும் என்று குழுவில் வேறு வயர் வாங்கி வந்து சொருகினான், அதே கொர்ர். சரி, கிதாரில்தான் கோளாறோ என்று அதைத் தூக்கிக்கொண்டு ராசிபுரம் போய் இன்னொருத்தர் பெட்டியில் போட்டுப் பார்த்திருக்கிறான், அதில் வெண்ணெய் மாதிரி இருந்ததாம். அதோடு கிதார் நிரபராதி என்று தீர்ந்தது. குற்றம் பெட்டி மேல்தான், அதாவது உங்கள் மேல்தான்.

பிறகு பெட்டி வைத்த இடத்தைச் சந்தேகப்பட்டோம். கட்டிலில் வைத்தால் கட்டில் ஆடுகிறது, நெல் மூட்டை மேல் வைத்தால் மூட்டை சத்தத்தைக் குடித்துவிடுகிறது, சுவரோரம் வைத்தால் அலமாரியில் இருக்கிற டம்ளர் எல்லாம் கிலுகிலுக்கின்றன. நாமக்கல்லிலிருந்து லாரி எலெக்ட்ரீஷியன் ரங்கனைக் கூட்டிவந்தேன். அவர் பெட்டியின் முன்னால் குத்த வைத்துக் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "டயாபிராம் போயிருச்சுங்க. லாரிக்கு ஹாரன் இப்பிடித்தானுங்க போகும். பேசாம ஒரு ஏர் ஹாரன் மாட்டி உட்டுரட்டுங்களா, நாமக்கல் வரைக்கும் கேக்கும்" என்றார். பொண்ணு வீட்டார் வரும்போது ஏர் ஹாரன் அடித்தால் என்ன நினைப்பார்கள் என்று கேட்டேன். அப்படியானால் பின்பக்கம் கழற்றிப் பார்க்கிறேன் என்றார். உங்கள் சிவப்பு மைக் கடிதத்தைக் காட்டினேன். அவர் படித்துப் பார்த்துவிட்டு, "அப்ப எனக்கு எதுக்குங்க வம்பு" என்று காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். கடைசியாக முன்கூடத்தில், ஆசாரத்து ஈசானி மூலையில் ஒரு ஸ்டூலைப் போட்டு அதன் மேல் வைத்தோம். அங்கேதான் ஈரம் இல்லை என்பது தவிர வேறு காரணம் கிடையாது. இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

போன வெள்ளிக்கிழமை பகலில் வேலுசாமியும் அவர் சம்சாரம் கந்தம்மாளும் வீடு பார்க்க வந்தார்கள். காப்பி குடித்தார்கள், கிணற்றை எட்டிப் பார்த்தார்கள், எருமைக் காம்புக்கு வேப்பெண்ணெய் போடச் சொன்னார்கள். எல்லாம் முறையாக நடந்து ஆசாரத்தில் வந்து உட்கார்ந்ததும் வேலுசாமி, "வாசிங்க சாமி, கேப்போம்" என்றார். சண்முகம் கிதாரை எடுத்தான். வயரைச் சொருகினான். கம்பியைத் தொட்டான். பெட்டி 'கொர்ர்' என்று ஒரு இழுப்பு இழுத்து அடங்கியது. இன்னொரு கம்பியைத் தொட்டான், அதற்கும் கொர்ர். கந்தம்மாள் புருஷன் முகத்தைப் பார்த்தார். உங்கள் அக்காள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் உங்களை நினைத்துக்கொண்டேன், என்ன நினைத்தேன் என்பதை எழுத முடியாது. பையன் எழுந்துபோய் சுவிட்சை அணைத்துவிட்டு, கிதாரை மடியில் படுக்க வைத்துக்கொண்டு தலையைக் குனிந்துவிட்டான். வேலுசாமி துண்டை எடுத்துத் தோளில் போட்டார். எழுந்திருக்கப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அப்போது ஈசானி மூலையிலிருந்து, டக் டக் டக் என்று சத்தம் வந்தது.

வேலுசாமி அப்படியே உட்கார்ந்தார். பல்லி சொன்னால் தட்டுவது போலச் சுட்டு விரலை மடக்கித் தரையில் தட்டினார். கந்தம்மாளும் தட்டினார். "கவுளி சொல்லிருச்சுங்க. ஈசானி மூலையில சொல்லிருக்குது. நான் வாயத் தொறந்து வேண்டாம்னு சொல்லப் போனேன், நாக்கு நுனிக்கு வந்திருச்சு. அதுக்கு முன்னால அது சொல்லிப்போடுச்சு" என்றார். "இதுக்கு மேல நான் ஆருங்க மறுத்துப் பேசறதுக்கு? கிதாரு கெடக்குது உடுங்க. தையில வெச்சுக்கலாமுங்களா?" என்றார். உங்கள் அக்காள் ஓடிப்போய்த் தாம்பூலத் தட்டை எடுத்து வந்தாள், எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, வந்தவர்கள் சந்தோஷமாகப் பஸ் ஏறிப் போனார்கள்.

அவர்களை ஏற்றிவிட்டுத் திரும்பினால் சண்முகம் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறான். "அப்பா, அது கவுளி இல்லீங்க. பொட்டிங்க" என்றான். "கொஞ்ச நாளாவே இப்பிடித்தான் அடிக்குதுங்க. கம்பியத் தொடாதப்பவும் அடிக்குது. சுவிட்ச அணைச்சதுக்கு அப்பறமும் அடிக்குது." சுவிட்சை அணைத்த பிறகு எப்படி அடிக்கும் என்று நான் ஒரு நிமிஷம் யோசித்தேன். பிறகு நீங்கள் எழுதியது ஞாபகம் வந்தது, உள்ளே கரெண்ட் தேங்கி நிற்கும் என்று. சரியாகப் பொருந்திவிட்டது. சாமி வாக்கு என்று நம்பி ஒரு மனிதர் பெண்ணைக் கொடுக்கிறார், அந்த வாக்கைச் சொன்னது ஒரு ஹோட்டல்காரன் கழித்துப்போட்ட பெட்டி. நாளைக்கு அது கல்யாண மண்டபத்தில் எல்லார் முன்னாலும் டக் டக் டக் என்றால் சம்பந்தி முகத்தில் நான் எப்படி முழிப்பேன். சண்முகம் என்ன சொல்கிறான் என்றால், "நான் மோகனூர் போய்ச் சொல்லிப்போட்டு வந்தர்றனுங்க. ஏமாத்திக் கட்டுன கல்யாணம் வேண்டாமுங்கப்பா" என்கிறான். சொல்லிக்கொண்டே கிதாரை உறைக்குள் போட்டுக் கட்டினான். அந்தப் பெண் வேண்டும் என்று அவன் இவ்வளவு ஆசைப்பட்டது எனக்கு அப்போதுதான் தெரிந்தது, அவன் மறுக்கும்போது. சொல்லப் போக விடலாமா, தடுக்கலாமா என்று தெரியாமல் வருகிற ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பொறு என்று நிறுத்தி வைத்திருக்கிறேன்.

ஆகவே மாப்பிள்ளை, நான் கண்டிப்பாகக் கேட்டுக்கொள்வது என்னவென்றால், இந்தக் கடிதம் கண்டதும் லீவு போட்டு நேரில் வாருங்கள். வந்து உங்கள் பெட்டியை நீங்களே கழற்றி, அதன் வாயை அடையுங்கள், அல்லது வந்த லாரியிலேயே திருப்பி எடுத்துப்போங்கள். தாய்மாமன் இல்லாமல் நம் பக்கம் கல்யாணம் கிடையாது என்று எனக்குத் தெரியும். அது தெரிந்துதான் இந்த மாதிரி பெட்டியை என் தலையில் கட்டினீர்களோ என்று சில சமயம் தோன்றுகிறது. பெங்களூரில் இத்தனை வருஷம் மிஷின்களோடு இருக்கிறவர், ஒரு தடவை போட்டுக் கேட்டுவிட்டு அனுப்பியிருக்கக் கூடாதா. எனக்கு உங்கள் மேல் வருத்தம்தான்.

தங்கச்சிக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசீர்வாதம். சின்னவனுக்குக் காது குத்த வேண்டும் என்று உங்கள் அக்காள் சொல்லச் சொன்னாள். உங்களுக்கும் ஆசீர்வாதம், வருத்தத்தோடு.

இப்படிக்கு,
சென்னிமலை.

பின்குறிப்பு: கவரில் போட்டு ஒட்டலாம் என்று சோற்றுப் பருக்கை எடுக்கப் போனபோது உங்கள் அக்காள் பிடித்துக்கொண்டாள். "தம்பிக்கு என்னத்த எளுதியிருக்கறீங்க? படிங்க, கேப்போம்" என்றாள். தம்பியைத் திட்டின இடங்களை மெதுவாகத் தாண்டித் தாண்டிப் படித்தேன். ஆயுத பூஜை வந்ததும் நிறுத்தினாள். "ஏனுங்க, நான் அதுக்கு ஊட்டுனத எளுதுலீங்களே" என்றாள். என்னத்தை ஊட்டினாய் என்றேன். "பொரிகடலையும் சக்கரையும்தானுங்க. மோட்டாருக்கு வாயில்ல, சைக்கிளுக்கு வாயில்ல, முன்னால வெச்சேன். இந்தப் பொட்டிக்கு முன்னால ரவுண்டா வாயி இருந்துது. வாயிருக்கறதுக்கு முன்னால வெச்சா எப்பிடிங்க? வாய்லயே போட்டேன். எத்தனை போட்டாலும் வாங்கிக்குச்சு."

உங்கள் சிவப்பு மையை மீறிவிட்டோம், மன்னிக்கவும். காலையில் பிளக்கைப் பிடுங்கிப் போட்டு, மாலை வரை ஆறவைத்து, சண்முகம் பின்பலகையைக் கழற்றினான். முன்னால் காற்றுப் போக விட்டிருந்த வட்ட ஓட்டை வழியாக உள்ளே போய், ஸ்பீக்கரின் காகிதத்துக்குப் பின்னால் எங்கள் வீட்டு ஆயுத பூஜை அப்படியே இருந்தது. சர்க்கரை இளகி, பொரி அதில் ஒட்டி, கடலை காகிதத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. மோகனூருக்குக் கவிழ்த்துக் கொண்டுபோனதில் எல்லாம் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. சர்க்கரைக்கு எறும்பு வந்திருக்கிறது. எறும்புக்கு ஒரு கவுளி வந்திருக்கிறது. நல்ல கொழுத்த கவுளி, மாதக்கணக்கில் குடித்தனம் நடத்திய மாதிரி எங்களைப் பார்த்தது. பிறகு வெளியே வந்து சுவரில் ஏறி, காலண்டருக்குப் பின்னால் போகிறதற்கு முன் டக் டக் டக் என்றது. அதே குரல். உங்கள் அக்காள் தரையைத் தட்டினாள், நான் தட்டினேன், அது பொட்டிதான் என்று சாதித்த சண்முகமும் தட்டினான். மோகனூருக்குப் போய் யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் பெட்டி மேல் ஒரு குற்றமும் இல்லை. மேலே எழுதியதில் நலம் விசாரித்ததையும் ஆசீர்வாதத்தையும் வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடவும்.

இன்னொன்று. சுத்தமாகத் துடைத்து மூடிய பிறகு சண்முகம் வாசித்தான். நான் கைகால் கழுவிவிட்டு ஆசாரத்தில் வெறுங்காலோடு நின்றிருந்தேன். காதில் பெரிதாக ஒன்றும் விழவில்லை மாப்பிள்ளை. உள்ளங்காலில் தொட்டு, முழங்காலுக்கு ஏறி, நெஞ்சுக்கு வந்து நின்றது. அவன் நிறுத்தினான், நின்றது. மறுபடி வாசித்தான், மறுபடி வந்தது. எருமையைப் பார்க்கிற மாதிரி வெளியே போய்விட்டேன். இத்தனை வருஷமும் பையன் வாசித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான், நான்தான் முன்வரிசையில் செருப்போடு உட்கார்ந்திருந்திருக்கிறேன். அந்தப் பெண் கோயில் வாசலில் வெறுங்காலோடு நின்று, தொண்டை கட்டின பெட்டியிலேயே இதைக் கேட்டிருக்கிறாள். கவுளி சொல்லாமல் போயிருந்தாலும் நான் அந்த வீட்டுக்குப் போய் மறுபடி கேட்டிருப்பேன்.

கல்யாணம் தையில். மண்டபத்தில் கச்சேரி சண்முகம் குழுவேதான். முன்னதாகவே வந்துவிடுங்கள், செருப்பை மட்டும் வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வாருங்கள்.